வீட்டு விருந்தினர் வைஃபை: பிரிப்பு வேலை செய்கிறதா என்று சோதிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததும், தண்ணீர் வருவதற்கு முன்பே வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கும் காலம் இது. அதற்காகத்தான் பெரும்பாலான ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் எனப்படும் விருந்தினர் வைஃபை தரப்படுகிறது. அதை இயக்கி வைத்திருப்பவர்களில் பலர், அது வீட்டுக் கருவிகளை உண்மையிலேயே மறைத்து வைக்கிறதா என்று ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இங்குள்ள கேள்விகள் ஒரு சாதாரண வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: ஃபைபர் இணைப்பு, நிறுவனம் சுவரில் பொருத்திய பெட்டி, சில வீடுகளில் அதன் பின்னால் சொந்தமாக வாங்கி வைத்த இன்னொரு ரவுட்டர்.

விருந்தினர் வைஃபை எதை எதிலிருந்து பிரிக்க வேண்டும்?

மூன்று சுவர்களை எதிர்பார்க்கலாம். விருந்தினரின் கைபேசி வீட்டின் பிரிண்டர், கணினி, தொலைக்காட்சி, சிசிடிவி பெட்டி ஆகியவற்றை எட்டாதபடி தடுப்பது முதல் சுவர். ஒரு விருந்தினரின் கருவி இன்னொரு விருந்தினரின் கருவியை எட்டாதபடி தடுப்பது இரண்டாவது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை விருந்தினர் திறக்க முடியாதபடி தடுப்பது மூன்றாவது. வெளி இணையத்துக்கான வழி மட்டும் திறந்திருக்க வேண்டும். அமைப்புகளில் ‘கெஸ்ட்’ என்ற சொல் இருப்பதாலேயே மூன்று சுவர்களும் எழும்பிவிட்டன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் சுவரை மட்டும் எழுப்பும் ரவுட்டர்களும் உண்டு, ஒரு டிக்கைப் போட்டாலோ எடுத்தாலோ அந்த முதல் சுவரையே இடித்துவிடும் ரவுட்டர்களும் உண்டு.

வருகிறவர்கள் சொந்தக்காரர்கள்தானே? வீட்டுக் கடவுச்சொல்லையே கொடுத்தால் என்ன?

சொந்தக்காரர்களை நம்பலாம், அவர்கள் பையில் இருக்கும் கைபேசியை நம்புவது வேறு சங்கதி. அதில் என்னென்ன செயலிகள் ஓடுகின்றன என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஒரு முறை இணைந்த கைபேசி கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வாசலில் வண்டியை நிறுத்தும்போதே தானாக உள்ளே வந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் கருவிகளோ, உள்ளே வந்துவிட்டவரைக் கேள்வி கேட்காமல் நம்பும்படி செய்யப்பட்டவை. பல பிரிண்டர்களின் நிர்வாகப் பக்கத்துக்குக் கடவுச்சொல்லே இருப்பதில்லை. சிசிடிவி பெட்டியில், பொருத்திக் கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லே ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016ஆம் ஆண்டின் மிராய் தீநிரல் ஓர் உதாரணம். தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பிய அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் சோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே அது லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர் எனப்படும் சிசிடிவி பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் தன்வசப்படுத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அத்தகைய கருவிகளைக் கொண்டு தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவை நிறுவனமான டைனைத் தாக்கியபோது, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே மணிக்கணக்கில் தடுமாறின. மிராய் வெளி இணையத்திலிருந்து கதவைத் தட்டியது. வீட்டு வைஃபைக்குள் இருக்கும் ஒரு கைபேசிக்கு அந்தத் தட்டல்கூடத் தேவையில்லை.

எங்கள் பெட்டியில் நான்கு வைஃபை பெயர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பெயரை விருந்தினருக்குக் கொடுத்திருக்கிறேன். அது போதாதா?

பெரும்பாலும் போதாது. இணைய நிறுவனங்கள் பொருத்தும் ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் எஸ்எஸ்ஐடி 1, 2, 3, 4 என்று பெயர்கள் இருக்கும். அவை ஒரே வீட்டுக்கு வைத்த நான்கு வாசல்களைப் போன்றவை. எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் ஒரே கூடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். அந்தப் பக்கத்திலேயே ‘எஸ்எஸ்ஐடி ஐசொலேஷன்’, ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற பெயரில் ஏதாவது தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அதைப் போட்டதோடு நிறுத்தாமல் கீழே சொல்லும் சோதனையைச் செய்யுங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் இணைந்தவர்களை மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துவிட்டு, வெவ்வேறு பெயர்களில் இணைந்தவர்களையும் கேபிளில் இணைந்த கருவிகளையும் அப்படியே விட்டுவிடும் பெட்டிகள் உண்டு.

விருந்தினர் வைஃபையில் எனக்கு வேறு வகை ஐபி முகவரி வருகிறது. அப்படியென்றால் பிரிப்பு இருக்கிறது என்று பொருளா?

அது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். வீட்டுக் கருவிகள் 192.168.0 என்று தொடங்கும் முகவரியிலும் விருந்தினர் 192.168.5 என்று தொடங்கும் முகவரியிலும் இருந்தாலும், இரண்டுக்கும் நடுவில் நிற்பது ரவுட்டர்தான். ஒன்றிலிருந்து வந்ததை மற்றொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் வேலை. எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று முடிவு செய்யும் ஃபயர்வாலில் ‘இதை அனுப்பாதே’ என்ற விதி இல்லாவிட்டால் முகவரி வேறுபாடு யாரையும் தடுக்காது. மறுபுறம், இரண்டு பக்கமும் ஒரே வகை முகவரியைக் கொடுத்துவிட்டு, உள்ளே வேறு வழியில் சரியாகவே தடுக்கும் ரவுட்டர்களும் உண்டு. முகவரியைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. கதவைத் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு என்ன தேவை?

ஒரு மடிக்கணினி, இரண்டு கைபேசிகள், ஒரு தாள், அரை மணி நேரம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து ரவுட்டர், பிரிண்டர், டிவிஆர், தொலைக்காட்சி, கோப்புகளைப் பகிரும் கணினி ஆகியவற்றின் முகவரிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சோதிக்கும் கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இதை மறந்தால், வைஃபையில் கிடைக்காத பக்கத்தைக் கைபேசி மொபைல் டேட்டா வழியாகத் தேடிப்போய்விட்டு ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லும், நீங்களும் சுவர் பலமாக இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள்.

சோதனை உங்கள் சொந்த இணைப்பில் மட்டுமே நடக்கட்டும். பக்கத்து வீட்டு வைஃபையிலோ விடுதி வைஃபையிலோ இதையே செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி சிக்கலாகிவிடும்.

சோதனையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் வீட்டு வைஃபையிலேயே இருங்கள். மடிக்கணினியின் உலாவியில் பிரிண்டரின் முகவரியை, உதாரணமாக 192.168.0.23 என்று, தட்டுங்கள். மை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் பிரிண்டரின் பக்கம் திறக்கும். டிவிஆரின் முகவரியைத் தட்டினால் கேமராவுக்கான உள்நுழைவுப் பக்கம் வரும். ரவுட்டரின் முகவரிக்கு அதன் நிர்வாகப் பக்கம் வரும். திறந்தவற்றுக்கு எதிரே தாளில் குறி இடுங்கள். திறக்காதவற்றை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த முடியாது, அவற்றை அடித்துவிடுங்கள்.

அடுத்து அதே மடிக்கணினியை விருந்தினர் வைஃபைக்கு மாற்றி, ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து இணையம் வருகிறதா என்று உறுதி செய்துகொண்டு, குறியிட்ட முகவரிகளை அதே உலாவியில் மறுபடி தட்டுங்கள். பழைய பக்கம் நினைவகத்திலிருந்து வந்து ஏமாற்றாமல் இருக்க, மறைநிலைச் சாளரத்தில் தட்டுவது நல்லது. ஒரு நிமிடத்துக்கு முன் வீட்டு வைஃபையில் திறந்த பக்கம் இப்போது சுற்றிச் சுற்றிக் கடைசியில் நேரம் கடந்துவிட்டது என்று வந்தால், அந்தக் கருவிக்கு முன்னால் சுவர் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

முதல் பாதியை விட்டுவிட்டு நேரே விருந்தினர் வைஃபையிலிருந்து தட்டிப் பார்த்து, ‘எதுவும் திறக்கவில்லை, பாதுகாப்பாக இருக்கிறது’ என்று சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பிரிண்டர் தூங்கிக்கொண்டிருந்தாலும் பக்கம் திறக்காது. முகவரி நேற்றே மாறிப்போயிருந்தாலும் திறக்காது. திறக்கும் என்று நிரூபிக்கப்பட்ட கதவு மூடியிருந்தால்தான் அது சான்று.

ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளிலும் விருந்தினர் வைஃபையைத் தருமானால், இரண்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். தேர்வுகள் அலைவரிசைக்கு ஒன்றாகத் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும் ரவுட்டர்களில், ஒன்றில் டிக் போட்டு மற்றதில் மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

பிங் செய்து பார்த்தேன், பதில் இல்லை. அது போதாதா?

போதாது. பிங் என்பது ஒரு முகவரியிடம் ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் கட்டளை. விண்டோஸ் கணினி, தான் இணைந்திருப்பதைப் பொது நெட்வொர்க் என்று கருதினால் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. அதனால் நடுவில் எந்தத் தடுப்பும் இல்லாதபோதும் மௌனமாகவே இருக்கும். பிங்குக்குப் பதில் வந்தால் ஓட்டை இருப்பது உறுதி, வராவிட்டால் எதுவும் உறுதியில்லை.

இரண்டு பக்கமும் ஒரே வகை முகவரி தரும் பெட்டிகளில் ஒரு கூடுதல் வழி இருக்கிறது. பிங் செய்த பிறகு, மடிக்கணினி தன் பிரிவில் கண்ட கருவிகளைக் குறித்து வைக்கும் ஏஆர்பி அட்டவணையைப் பாருங்கள். பதில் வராவிட்டாலும், பிரிண்டரின் ஐபி முகவரிக்கு எதிரே அதன் மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) பதிவாகியிருந்தால், இரண்டு கருவிகளும் ஒன்றின் குரலை ஒன்று கேட்டுவிட்டன என்று பொருள். அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை பிரிப்பு நடந்திருக்காது என்றே எடுத்துக்கொண்டு மேலே ஆராய வேண்டும்.

‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே வருகிறது. நல்லதா, கெட்டதா?

நல்ல கேள்வி, இரண்டாகவும் இருக்கலாம். நேரம் கடந்து தோற்பது, யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் காட்டுகிறது. உடனே மறுப்பு வந்தால் யாரோ ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் ரவுட்டரின் ஃபயர்வாலாக இருந்தால் கவலையில்லை. பிரிண்டரே ‘இந்தக் கதவு இல்லை, அடுத்த கதவைப் பார்’ என்று சொல்லியிருந்தால் சுவரே இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வீட்டு நெட்வொர்க்கில் எந்தக் கருவிக்கும் கொடுக்கப்படாத ஒரு முகவரியை, சொல்லப்போனால் 192.168.0.231 போன்ற ஒன்றை, விருந்தினர் வைஃபையிலிருந்து தட்டுங்கள். ஆளில்லாத வீட்டிலிருந்தும் அதே வேகத்தில் அதே மறுப்பு வந்தால், சொல்கிறவர் வாசலில் நிற்கும் ரவுட்டர்தான். ஆள் இருக்கும் முகவரியில் மட்டும் மறுப்பு வந்து, காலி முகவரியில் நேரம் கடந்து தோற்றால், உங்கள் கேள்வி பிரிண்டர் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை எந்த முகவரியில் தேடுவது?

குறைந்தது இரண்டு முகவரிகளில். விருந்தினர் வைஃபையில் இணைந்த கைபேசி ‘கேட்வே’ என்று காட்டுவது ஒன்று; வீட்டுப் பக்கத்தில் ரவுட்டருக்கு இருக்கும் முகவரி இன்னொன்று. இரண்டும் ஒரே பெட்டியின் இரண்டு முகங்கள். லினக்ஸில் ஓடும் ரவுட்டர், கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தனக்குள்ள எல்லா முகவரிகளுக்கும் பதில் சொல்லும் இயல்புடையது. வீட்டு ரவுட்டர்களில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுபவையே. அதனால் விருந்தினர் பக்க முகவரியில் மட்டும் பக்கத்தை மூடிவிட்டு, வீட்டுப் பக்க முகவரியில் திறந்து வைத்திருக்கும் நிலை வரக்கூடும். இரண்டிலும் முகவரிக்கு முன்னால் எச்டிடிபி என்றும் எச்டிடிபிஎஸ் என்றும் மாற்றித் தட்டிப் பாருங்கள்.

நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் வைத்திருக்கிறேன். ஏதாவது மாறுமா?

நிறைய மாறும், தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுதான் என்பது என் எண்ணம். என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கூடத்துச் சுவரில் நிறுவனத்தின் பெட்டி, முகவரி 192.168.1.1. அதன் ஒரு துளையில் டிவிஆரின் கேபிள், இன்னொரு துளையில் என் அறைக்குப் போகும் கேபிள். அறையில் என் ரவுட்டர், வீட்டுப் பக்க முகவரி 192.168.0.1, அதிலேயே விருந்தினர் வைஃபை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே சொன்ன சோதனையைச் செய்தேன். பிரிண்டர் திறக்கவில்லை, மடிக்கணினியின் பகிர்வுக் கோப்புறை திறக்கவில்லை, என் ரவுட்டரின் பக்கமும் இரண்டு முகவரிகளிலும் திறக்கவில்லை. முடித்துவிடலாம் என்று எழும்போது தாளில் மிச்சமிருந்த டிவிஆர் முகவரியைத் தட்டினேன். வாசல் கேமராவுக்கான உள்நுழைவுப் பக்கம் அரை நொடியில் வந்து நின்றது.

ரவுட்டர் தவறு செய்யவில்லை. விருந்தினர் 192.168.0 என்று தொடங்கும் வீட்டுப் பக்கத்துக்குப் போகக் கூடாது, வெளியே போகலாம் என்பதே அதன் விதி. அதன் கண்ணில் ‘வெளியே’ என்பது நிறுவனத்தின் பெட்டியிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே அந்தப் பெட்டியோடு கேபிளில் ஒட்டியிருந்த டிவிஆரும், அந்தப் பெட்டியின் நிர்வாகப் பக்கமும் அதற்கு இணையத்தின் ஒரு பகுதி. விருந்தினரை அங்கே அனுப்பி வைத்தது.

தீர்வு ஒன்றுக்கு மேல் உண்டு. டிவிஆர் கேபிளை உள் ரவுட்டரின் துளைக்கு மாற்றிவிடலாம். நான் செய்தது அதுதான், பத்து மீட்டர் கேபிளும் ஒரு மாலைப்பொழுதும் செலவானது. நிறுவனத்திடம் கேட்டுப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, இணைப்பை உள் ரவுட்டரே நேரடியாக எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். உள் ரவுட்டரில் ஃபயர்வால் விதி எழுத இடம் இருந்தால், விருந்தினர் பக்கத்திலிருந்து 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் தனியார் முகவரிகள் எல்லாவற்றையும் தடுத்துவிடலாம். எதைச் செய்தாலும், நிறுவனப் பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள தாளில் அச்சிட்ட நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். கூடத்தில் உட்காருகிற எவரும் குனிந்து படிக்கக்கூடிய உயரத்தில்தான் அந்தத் தாள் இருக்கிறது.

தலைகீழாகவும் செய்யலாம்: நிறுவனப் பெட்டியின் வைஃபையை விருந்தினருக்கு ஒதுக்கிவிட்டு, வீட்டுக் கருவிகள் அனைத்தையும் உள் ரவுட்டருக்குப் பின்னால் வைத்துக்கொள்வது. வெளிப் பெட்டியிலிருந்து உள் ரவுட்டரைத் தாண்டி உள்ளே வர, ரவுட்டரின் வழக்கமான தடுப்பு விடாது. பழைய ரவுட்டரில் கெஸ்ட் வசதியே இல்லாதவர்களுக்குச் செலவில்லாத வழி இது.

சொந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வைத்திருக்கிறேன். அதில் கெஸ்ட் வைஃபை பிரிக்குமா?

பல மாடல்களில் பிரிக்காது. அந்த முறையில் முகவரி கொடுப்பதும் ஃபயர்வாலும் உங்கள் ரவுட்டரின் கையில் இல்லை. எல்லாரையும் அப்படியே முதல் பெட்டிக்குக் கடத்திவிடும் வெறும் பாலமாக அது மாறிவிடுகிறது. திரையில் ‘கெஸ்ட்’ என்ற பெயர் மட்டும் அழகாக மிச்சமிருக்கும். வைஃபையைத் தூரத்துக்கு நீட்டும் எக்ஸ்டெண்டர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: முதன்மை ரவுட்டரில் பிரிப்பு சரியாக இருந்தாலும், மாடியில் உள்ள எக்ஸ்டெண்டர் வழியாக இணையும்போது அது காணாமல் போகலாம். மாடியிலும் போய் ஒரு முறை சோதியுங்கள்.

ஐபிவி6 பற்றி யாரும் சொல்வதில்லையே?

சொல்லாததால்தான் ஓட்டைகள் மிஞ்சுகின்றன. 192.168 போன்ற பழைய வகை ஐபி முகவரிகளுக்கு அடுத்த தலைமுறையான ஐபிவி6 இந்தியாவில் பரவலாகிவிட்டது. ஜியோ 2016இல் தொடங்கியதிலிருந்தே அதைக் கொடுத்துவருகிறது. ஒரு ரவுட்டர் பழைய வகை முகவரிகளுக்கு மட்டும் தடுப்பு விதி வைத்துவிட்டு ஐபிவி6ஐ மறந்துவிட்டால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்த கதைதான். சோதிக்க, பிரிண்டர் அல்லது கணினியின் ஐபிவி6 முகவரியை அதன் நெட்வொர்க் விவரப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 2 என்ற இலக்கத்தில் தொடங்குவதுதான் தேவை. ஜியோ இணைப்புகளில் அது பெரும்பாலும் 2409 என்று தொடங்கும். அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு உலாவியில் தட்ட வேண்டும். முதலில் வீட்டு வைஃபையிலிருந்து, பிறகு விருந்தினர் வைஃபையிலிருந்து. விருந்தினர் பக்கத்திலிருந்து திறந்தால், ரவுட்டரில் விருந்தினருக்கு மட்டும் ஐபிவி6ஐ நிறுத்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் சரியான பதிப்பு வரும்வரை முழுவதுமாக நிறுத்திவைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விருந்தினருக்கும் விருந்தினருக்கும் இடையிலான சுவரை எப்படிச் சோதிப்பது?

இரண்டு கருவிகளையும் விருந்தினர் வைஃபையில் சேர்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தேட வேண்டும். கைபேசிகள் பொதுவாக எந்தக் கதவையும் திறந்து வைப்பதில்லை என்பதால், மடிக்கணினியில் தற்காலிகமாக ஒரு கதவைத் திறப்பது நல்லது. பைத்தான் நிறுவியிருந்தால், அதனுடனேயே வரும் சிறிய வலைச் சேவையை ஒரே வரிக் கட்டளையில் 8000ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள கதவில், இயக்கலாம். காலியான கோப்புறை ஒன்றிலிருந்து இயக்குங்கள், ஏனெனில் அந்தக் கோப்புறையில் இருப்பதெல்லாம் பார்வைக்கு வந்துவிடும். கணினியின் ஃபயர்வால் கேட்டால் அனுமதியுங்கள். இங்கேயும் முதலில் வீட்டு வைஃபையில் கைபேசியிலிருந்து திறந்து பார்த்துவிட்டு, பிறகு இரண்டையும் விருந்தினர் வைஃபைக்கு மாற்றுங்கள். மடிக்கணினியின் முகவரி இப்போது மாறியிருக்கும். புதிய முகவரியைத் தட்ட வேண்டும். ஒன்று 2.4இலும் மற்றது 5இலும் இருக்கும்படி ஒரு முறை செய்யுங்கள். முடிந்ததும் சேவையை நிறுத்திவிடுங்கள்.

இந்தச் சுவரை முழுமையாக நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே வைஃபை பெயரில் இணைந்த அனைவருக்கும் பொது அறிவிப்புகளைப் படிக்க ஒரே குழுச் சாவி கொடுக்கப்படுகிறது. அந்தச் சாவியை வைத்திருக்கும் ஒருவர், ரவுட்டர் அனுப்பியதுபோல நடித்து மற்றவருக்கு நேரடியாக அனுப்ப முடியும் என்று 2010ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள். தரநிலை ஆவணத்தின் 196ஆம் பக்கத்தில் இதற்கான குறிப்பு இருந்ததால் ‘ஹோல் 196’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. தீபாவளிக்கு வரும் மாமா பிள்ளைகளுக்கு நடுவில் இது ஒரு பிரச்சினையே அல்ல. மாடியை வாடகைக்கு விட்டு, குடியிருப்பவர்களுக்கு இதே வைஃபையைக் கொடுப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

நெட்வொர்க்கை வருடி (ஸ்கேன் செய்து) கருவிகளைச் சொல்லும் செயலிகளைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஃபிங் போன்ற கைபேசிச் செயலிகள், இருக்கும் பிரிவில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும். விருந்தினர் வைஃபையில் அதை ஓட்டும்போது ரவுட்டரும் உங்கள் கைபேசியும் மட்டும் தெரிந்தால் நல்லது. ஆனால் அது தான் இருக்கும் முகவரிப் பிரிவை மட்டுமே தேடும். வீட்டுப் பிரிவு வேறு முகவரியில் இருந்தால் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. வேறு பிரிவைச் சோதிக்க, 1997இலிருந்து புழக்கத்தில் உள்ள என்மேப் கருவியை மடிக்கணினியில் நிறுவி, வீட்டுக் கருவிகளின் முகவரிகளைக் கையால் கொடுக்க வேண்டும். 80, 443 ஆகியவை வலைப் பக்கங்களுக்கும், 445 விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கும், 554 கேமரா ஒளிபரப்புக்கும், 9100 பிரிண்டருக்கும் உரிய போர்ட்டுகள். வீட்டுக்கு இவை ஐந்தைப் பார்த்தாலே பெரும்பகுதி முடிந்தது.

விருந்தினர் கடவுச்சொல் எளிதாக இருந்தால் பரவாயில்லையா? வீட்டுக்காரரின் கைபேசி எண்ணையே வைத்திருக்கிறோம்.

பிரிப்பு சரியாக இருந்தால் வீட்டுக் கருவிகளுக்குச் சேதமில்லை. இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் உங்களுக்குச் சேதம் உண்டு. கைபேசி எண் எவ்வளவு பலவீனமானது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும். ஆகச் சாத்தியங்கள் 400 கோடி. வைஃபையில் ஒருவர் இணையும் கணத்தைத் தெருவிலிருந்து பதிவு செய்துகொண்டவர், பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்கு 10 லட்சம் எண்களைச் சோதிக்கும் என்று வைத்துக்கொண்டாலே 4,000 வினாடிகள், அதாவது ஒரு மணி ஏழு நிமிடங்களில் எல்லா எண்களும் முடிந்துவிடும். உங்கள் எண்ணைத் தெரிந்தவருக்கு அந்த ஒரு மணியும் தேவையில்லை.

தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் சொல்ல எளிதாகவும் இருக்கும். கியூஆர் குறியாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டிவிட்டால் யாரும் தட்டவேண்டிய அவசியமும் இல்லை.

டபிள்யூபிஏ3, டபிள்யூபிஎஸ் என்றெல்லாம் இருக்கிறதே?

2018இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், மேலே சொன்னபடி பதிவு செய்துகொண்டுபோய் வீட்டில் உட்கார்ந்து உடைப்பது நடக்காது. பழைய கைபேசிகளும் இணைய வேண்டும் என்றால் டபிள்யூபிஏ2, 3 கலந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கலந்த முறையில் பழைய வழியில் இணைகிற கைபேசியைப் பதிவு செய்து உடைக்கும் வாய்ப்பு அப்படியே இருக்கும். கடவுச்சொல்லைத் தட்டாமல் ஓர் எட்டு இலக்க எண்ணைக் கொண்டே இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம் என்பதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் உடைத்துவிடலாம் என்று ஸ்டெஃபான் ஃபீபோக் 2011இல் காட்டினார்.

மேக் முகவரியை வைத்து வடிகட்டலாமா?

வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் தாமாகவே மேக் முகவரியை மாற்றிக்கொள்கின்றன. நீங்கள்தான் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

ஸ்மார்ட் டிவி, ஸ்மார்ட் பல்பு போன்றவற்றை விருந்தினர் வைஃபையில் போடலாமா?

போடலாம், நானும் பல்புகளை அங்கேதான் வைத்திருக்கிறேன். நிறுவனத்தின் இணையச் சேவை வழியாக இயங்கும் கருவிகளுக்குப் பாதிப்பில்லை. கைபேசியிலிருந்து நேரடியாகத் தேடிப் பிடிக்கும் கருவிகள்தான் சிக்கல்: கைபேசி வீட்டு வைஃபையிலும் தொலைக்காட்சி விருந்தினர் வைஃபையிலும் இருந்தால் படத்தை அனுப்பும் பொத்தான் தொலைக்காட்சியைக் கண்டுபிடிக்காது. அது பழுதல்ல, சுவர் வேலை செய்வதன் அடையாளம். அதைச் சரிசெய்வதற்காக ‘விருந்தினர் வீட்டு நெட்வொர்க்கை அணுகலாம்’ என்ற தேர்வை இயக்கிவிடுகிறவர்கள், ஒரு தொலைக்காட்சிக்காக வீட்டையே திறந்துவிடுகிறார்கள். தொலைக்காட்சியை வீட்டுப் பக்கமே வைத்துக்கொள்வது மேல்.

விருந்தினர் ஏதாவது தவறு செய்தால் நான் பொறுப்பா?

விருந்தினர் வைஃபையும் வீட்டு வைஃபையும் வெளியுலகத்துக்கு ஒரே பொது ஐபி முகவரியைத்தான் காட்டும், அந்த முகவரியைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் சந்தாதாரரின் வீட்டுக்குத்தான் வருவார்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சலைத் தேடிப்போன விசாரணை, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் நின்றது. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவருடைய கணினிகள் எடுத்துச் செல்லப்பட்டு, அவர் நீண்ட விசாரணைக்கு உள்ளானார். பிரிப்புச் சுவர்கள் இந்த வகை ஆபத்தைத் தடுக்காது. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் வைஃபையை வைக்காதிருப்பது, விசேஷ நாட்களுக்குப் பின் கடவுச்சொல்லை மாற்றுவது, யாரும் வராத நாட்களில் அணைத்துவைப்பது ஆகியவையே இதற்கான வழிகள்.

எப்போதெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும்?

ஃபர்ம்வேர் மாறிய பிறகு, ரவுட்டரை ரீசெட் செய்த பிறகு, புதிய கருவியைக் கேபிளில் செருகிய பிறகு, நிறுவனத்தின் ஆள் வந்து பெட்டியைத் தொட்டுவிட்டுப் போன பிறகு. நிறுவனங்கள் தங்கள் பெட்டியின் அமைப்புகளைத் தொலைவிலிருந்தே மாற்ற முடியும் என்பதால், எதுவும் நடக்காதபோதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்வது நல்லது. முதல் முறை எழுதிய தாளைத் தூக்கிப்போடாமல் ரவுட்டரின் பின்னால் செருகி வைத்தால் இரண்டாம் முறை பத்து நிமிடத்தில் முடியும்; டிவிஆரின் முகவரி மட்டும் மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.